கவசமே காட்டிக்கொடுக்கும்

2010 டிசம்பர் 6ஆம் நாள் மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் ஒரு தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. ஒரு வயதுக் குழந்தை முதல் இருபத்தொன்பது வயது இளைஞர் வரை எல்லோருக்கும் ஒரே ஓர் ஊசி. மருந்துக் குப்பிகள் புனே நகரின் ஹடப்சர் பகுதியிலுள்ள சீரம் இன்ஸ்டிடியூட்டிலிருந்து வந்தவை. மென்ஆஃப்ரிவேக் என்ற அந்தத் தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இல்லை, கொன்று பதப்படுத்திய கிருமியும் இல்லை. மெனிஞ்சோகாக்கஸ் என்னும் பாக்டீரியா தன்மேல் போர்த்திக்கொள்ளும் சர்க்கரை உறையின் துண்டுகளும், அவற்றோடு வேதிமுறையில் பிணைக்கப்பட்ட ஒரு புரதமும்தான் அதன் முக்கியச் சரக்கு. செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் ‘மூளைக்காய்ச்சல் பட்டை’யில் இந்தக் கிருமி 1996-97இல் மட்டும் சுமார் 2,50,000 பேரைத் தாக்கி 25,000 பேரைக் கொன்றிருந்தது. 2017க்குப் பிறகு அந்தப் பட்டையில், இந்த ஊசி குறிவைத்த ஏ வகை மெனிஞ்சோகாக்கஸ் நோய் உறுதிசெய்யப்படவே இல்லை. இதை மலிவு விலை உற்பத்தியின் வெற்றி என்று கொண்டாடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். உறையைக் குறிவைக்கும் தடுப்பூசி, எந்த ஊரில் எந்த உறையணிந்த கிருமி நடமாடுகிறது என்று யாரோ எண்ணிக்கொண்டிருக்கும்வரைதான் பலிக்கும். ஆலையும் அந்தக் கணக்கும் சேர்ந்ததே தடுப்பூசி. ஆலையை நமக்குத் தெரியும், கணக்கைத்தான் மறந்துபோகிறோம்.

உறை என்பது பாக்டீரியாவின் செல்சுவருக்கு வெளியே நீர் கோத்து நிற்கும் வழவழப்பான படலம். பெரும்பாலும் சில சர்க்கரை அலகுகள் திரும்பத் திரும்பக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி அது. விதிவிலக்குகளும் உண்டு. 1897இல் புனேயைச் சூறையாடி, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த சாவித்ரிபாய் புலேயின் உயிரையும் பறித்த பிளேக் கிருமியின் உறை புரதத்தால் ஆனது. சாதாரணச் சாயங்கள் உறையில் ஒட்டுவதில்லை என்பதால் அதைக் காண ஆய்வுக்கூடத்தில் தனி உத்தி இருக்கிறது. கண்ணாடி வில்லையில் ஒரு துளி இந்தியன் இங்க் விட்டு, அதில் கிருமியைக் கலந்து நுண்ணோக்கியில் வைப்பார்கள். மையிலுள்ள கரித்துகள் உறைக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றுவிடும். கறுத்த பின்னணியில் ஒவ்வொரு கிருமியைச் சுற்றியும் வெறுமையான ஒரு வளையம் தெரியும். அப்போதும் நாம் உறையைப் பார்ப்பதில்லை; மை நெருங்க முடியாத இடத்தைத்தான் பார்க்கிறோம். நம் உடலின் வெள்ளை அணுக்களுக்கும் இதே கதிதான்.

ரத்தத்தில் ஒரு கிருமி நுழைந்தால் காம்ப்ளிமென்ட் எனப்படும் புரதங்கள் அதன்மேல் ஒட்டி, விழுங்கவேண்டியது இதுதான் என்று வெள்ளை அணுக்களுக்கு அடையாளம் காட்டும். உறையணிந்த கிருமியிடம் இந்த ஏற்பாடு தடுமாறுகிறது. புரதங்கள் உறைக்கு அடியிலிருக்கும் செல்சுவரில் போய் ஒட்டினாலும், வெளியிலிருந்து வரும் வெள்ளை அணுவின் கைக்கு அவை எட்டுவதில்லை. சில உறைகள் இன்னும் ஒரு படி மேலே போய், நம் சொந்தச் செல்களின் மேற்பரப்பில் உள்ள சியாலிக் அமிலத்தையே அணிந்துகொண்டு, ‘நானும் இந்த வீட்டு ஆள்’ என்று நடிக்கின்றன. நிமோனியா, மூளைக்காய்ச்சல், ரத்தத்தில் கிருமி பரவுதல் ஆகியவற்றுக்குக் காரணமான நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சா பி வகை) மூன்றும் உறையணிந்தவை என்பது தற்செயல் அல்ல. நம் தொண்டையிலும் மூக்கிலும் குடியிருக்கும் பல பாக்டீரியாக்களுக்கு உறை கிடையாது. அவை ரத்தத்துக்குள் நுழைந்தாலும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ரத்தத்தை வடிகட்டி இத்தகைய கிருமிகளைப் பிடிக்கும் முக்கிய உறுப்பு மண்ணீரல். விபத்திலோ அறுவைச் சிகிச்சையிலோ மண்ணீரலை இழந்தவர்களுக்கும், அரிவாள் செல் நோயால் அது செயலிழந்தவர்களுக்கும் மருத்துவர்கள் நிமோகாக்கஸ் தடுப்பூசியை வற்புறுத்துவது இதனால்தான்.

நோயை உண்டாக்கும் வலிமை உறையில்தான் இருக்கிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டியவர் பிரிட்டனின் ஃப்ரெடரிக் கிரிஃபித். 1928இல் அவர் உறையிழந்த நிமோகாக்கஸை எலிகளுக்குச் செலுத்தினார், எலிகள் பிழைத்தன. உறையுள்ளதைச் சூட்டில் கொன்று செலுத்தினார், அப்போதும் பிழைத்தன. இரண்டையும் கலந்து செலுத்தியபோது எலிகள் செத்தன. அவற்றின் ரத்தத்தில் உயிருள்ள, உறையணிந்த கிருமிகள் கிடைத்தன. செத்த கிருமியிடமிருந்து உயிருள்ளது எதை வாங்கிக்கொண்டது என்று தேடிப்போன ஆஸ்வால்டு ஏவரியும் சகாக்களும் 1944இல் அது டி.என்.ஏ. என்று கண்டார்கள். மரபியலின் அடிக்கல் ஒன்று பாக்டீரியா உறையைப் பற்றிய ஆராய்ச்சியில் நாட்டப்பட்டது. இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது அந்த வரலாற்றின் இன்னொரு கிளை. 1902இலேயே ஃப்ரெட் நொய்ஃபெல்டு, பொருத்தமான எதிர்ப்பொருளைச் சேர்த்தால் நிமோகாக்கஸின் உறை உப்பியதுபோலத் துலங்குவதைக் கண்டிருந்தார். ஒரு வகைக்குரிய எதிர்ப்பொருள் இன்னொரு வகையின் உறையைத் தொடாது. 1923இல் மைக்கேல் ஹைடல்பர்கரும் ஏவரியும் அந்த உறை சர்க்கரைச் சங்கிலி என்று நிறுவினார்கள். நிமோகாக்கஸில் மட்டும் இன்று நூறுக்கும் மேற்பட்ட உறை வகைகள் தெரியும். தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அது இங்கே பொருந்தும். கிருமியைக் காக்கும் கவசமே அதை இன்னது என்று காட்டிக்கொடுக்கிறது. நல்ல எதிர்ப்பொருள் உறையில் ஒட்டிக்கொண்டால், வழுக்கிக்கொண்டிருந்த வெள்ளை அணுவுக்குப் பிடி கிடைத்துவிடும்.

அப்படியானால் உறைச் சர்க்கரையைப் பிரித்தெடுத்து ஊசியில் ஏற்றினால் போதாதா? பெரியவர்களுக்கு ஓரளவு போதும். ஆனால் இந்நோய்கள் அதிகம் கொல்லும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் போதாது. வெறும் சர்க்கரைக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் தயாரிக்கும்போது டி அணுக்களின் உதவி அதில் சேர்வதில்லை. கைக்குழந்தையின் பி அணுக்களால் அந்த உதவியின்றி இந்த வேலையைச் செய்ய இயலாது. பெரியவர்களிடமும் நீடித்த நினைவு பதிவதில்லை. தீர்வு, சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துவிடுவது. புரதத்தை அடையாளம் கண்டு டி அணுக்கள் வரும். வந்தவை சர்க்கரைக்கு எதிரான வேலைக்கும் துணை நிற்கும். ஏவரியும் வால்தர் கோபெலும் 1929இலேயே இந்தப் பிணைப்பைச் செய்துகாட்டிவிட்டார்கள். பிறகு ஆன்டிபயாட்டிக்குகள் வந்து அந்த யோசனையை அரைநூற்றாண்டு ஓரங்கட்டின. 1980இல் அமெரிக்காவின் ஜான் ராபின்ஸும் ரேச்சல் ஷ்னீர்சனும் ஹிப் கிருமியின் உறையை வைத்து அதை மீட்டெடுத்தார்கள். இந்த இணைப்புத் தடுப்பூசி இந்திய அரசின் திட்டத்தில் முதலில் நுழைந்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். 2011 டிசம்பரில் இங்கே தொடங்கிய ஐந்து நோய் சேர்ந்த பென்டாவேலன்ட் ஊசியில் ஹிப் உறையும் ஒன்று.

புனேயின் பங்கு இங்கே வருகிறது. 2001இல் உலக சுகாதார நிறுவனமும் பாத் என்ற தொண்டு நிறுவனமும் கேட்ஸ் அறக்கட்டளையின் 7 கோடி டாலரோடு மூளைக்காய்ச்சல் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கின. ஆப்பிரிக்க நாடுகள் கேட்டது ஒரே நிபந்தனை: ஓர் ஊசி அரை டாலருக்குள் இருக்கவேண்டும். அந்த விலைக்குப் பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் முன்வரவில்லை. 1966இல் டெட்டனஸ் எதிர்ச்சீரத்தோடு தொடங்கிய சீரம் இன்ஸ்டிடியூட் முன்வந்தது. டெட்டனஸ் நச்சை முறித்துச் செய்யும் டாக்சாய்டு அங்கே ஏராளமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. உறைச் சர்க்கரையைச் சுமக்கும் புரதமாக அதுவே வாய்த்தது. இரண்டையும் இணைக்கும் நுட்பம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஃப்ராஷும் ராபர்ட் லீயும் உருவாக்கியது. ஏ வகைச் சர்க்கரை தண்ணீரில் சிதையும் இயல்புடையது. அதனால் மருந்தை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கிப் பத்து ஊசிக்கான குப்பிகளில் அடைத்தார்கள். 2012இல் அதற்கு இன்னொரு அனுமதியும் கிடைத்தது: 40 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பத்தில் நான்கு நாள் வைத்திருக்கலாம். ஐஸ் பெட்டி போய்ச்சேராத கிராமத்துக்கும் ஊசி போய்ச்சேர்ந்தது. விளைவைச் சாட் நாட்டில் அளந்தார்கள். தடுப்பூசிக்கு முன் 4,278 பேரின் தொண்டையைச் சோதித்ததில் 32 பேரிடம் ஏ வகைக் கிருமி இருந்தது. பின்னர் 5,001 பேரைச் சோதித்ததில் ஒரே ஒருவரிடம். நோயை மட்டுமல்ல, நோய் பரவும் வழியையே ஊசி அடைத்திருந்தது.

ஒரு வலுவான ஆட்சேபம் இங்கே எழும். ஓர் உறையை ஒழித்தால் அந்த இடத்துக்கு வேறு உறை வராதா? ஏ வகை அடங்கிய பிறகு 2015இல் நைஜரில் சி வகை வெடித்து 8,500க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. 2017இல் நைஜீரியாவில் அதே சி வகை 14,000க்கும் மேற்பட்டோரைப் பிடித்து 1,100க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அப்படியானால் உறைத் தடுப்பூசி ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றும் வேலைதானா? மரபணு ஆய்வுகள் சொன்ன விடை வேறு. அந்த சி வகைக் கிருமி, காலியான இடத்தைப் பிடிக்கக் காத்திருந்த பழைய எதிரி அல்ல. உறையே இல்லாமல் தொண்டையில் சாதுவாகக் குடியிருந்த ஒரு கிருமி, எங்கிருந்தோ சி உறையின் மரபணுக்களை வாங்கிக்கொண்டு கொலைகாரனாகியிருந்தது. கிரிஃபித் எலியில் கண்டதை ஆப்பிரிக்கா மனிதர்களில் கண்டது. ஆக, ஊசி தோற்கவில்லை. ஊசிக்குரிய பட்டியல் பழையதாகிவிட்டது. பட்டியல் பழையதாகிவிட்டது என்று சொன்னது அந்த நாடுகளின் தண்டுவட நீர்ச் சோதனைக்கூடங்கள். அந்தக் கணக்கின்மேல்தான் புனேயின் அடுத்த குப்பி எழுந்தது. ஏ, சி, டபிள்யூ, ஒய், எக்ஸ் ஆகிய ஐந்து உறைகளையும் கொண்ட மென்ஃபைவ் 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதியைப் பெற்றது. 2024 மார்ச்சில் நைஜீரியா அதை முதலில் பயன்படுத்திய நாடாயிற்று. எக்ஸ் வகைக்கு அதுவரை உலகில் தடுப்பூசியே கிடையாது. பணக்கார நாடுகளில் எக்ஸ் அரிது. அதனால் அதற்கு ஊசி செய்ய யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

இதே பாடத்தை நிமோகாக்கஸ் நமக்கு வீட்டுக்கு அருகிலேயே கற்றுத்தந்தது. 1993 முதல் 1997 வரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் நாட்டின் வேறு பல மருத்துவமனைகளும் கைகோத்து, நோயாளிகளின் ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் கிடைத்த நிமோகாக்கஸை வகை பிரித்தன. 1999இல் லான்செட் இதழில் வெளிவந்த முடிவில், இந்திய நோயாளிகளிடம் 1, 5 ஆகிய உறை வகைகள் முன்வரிசையில் இருந்தன. 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஏழு வகைத் தடுப்பூசியில் இந்த இரண்டும் இல்லை. அது கெட்ட ஊசி அல்ல. அமெரிக்கக் குழந்தைகளின் கணக்கை வைத்துச் செய்த ஊசி. ஹடப்சரில் உருவாகி 2019 டிசம்பரில் முன்தகுதி பெற்ற நிமோசில் என்ற பத்து வகைத் தடுப்பூசியின் பட்டியலைப் பாருங்கள்: 1, 5, 6ஏ, 6பி, 7எஃப், 9வி, 14, 19ஏ, 19எஃப், 23எஃப். முன்பிருந்த பத்து வகை ஊசியிலிருந்த 4, 18சி இரண்டையும் விட்டுவிட்டு 6ஏ, 19ஏ இரண்டையும் சேர்த்திருக்கிறார்கள். ஏழை நாடுகளில் உண்மையில் எது கொல்கிறது என்று பார்த்துச் செய்த மாற்றம் அது. ஓர் ஊசி 2 டாலர் என்ற விலையை எல்லோரும் பேசினோம். அந்தப் பத்து எண்களைத் தேர்ந்தெடுக்க எத்தனை ஆய்வுக்கூடங்களில் எத்தனை பேர் எத்தனை வருடம் கிருமிகளை வகை பிரித்தார்கள் என்று பேசியவர் குறைவு. இந்திய அரசுத் திட்டத்தில் நிமோகாக்கஸ் ஊசி 2017இல் இமாசலப் பிரதேசத்திலும் உத்தரப் பிரதேசம், பிகார் மாநிலங்களின் சில பகுதிகளிலும் தொடங்கி, 2021இல் நாடு முழுவதும் பரவியது. இத்தனை குழந்தைகளுக்கு ஊசி போட்ட பிறகு எந்த வகை குறைந்தது, எந்த வகை தலைதூக்குகிறது என்று பார்ப்பது, ஊசி போடுவதைப் போலவே அந்தத் திட்டத்தின் வேலை.

எல்லா உறைக்கும் இந்த வழி பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தாது, அதை மறைக்கத் தேவையில்லை. பி வகை மெனிஞ்சோகாக்கஸின் உறை, வளரும் மனித மூளையின் செல்கள்மேல் இருக்கும் சர்க்கரையை அப்படியே ஒத்தது. அதை ஊசியில் ஏற்றினால் உடல் கண்டுகொள்ளாது. கண்டுகொண்டால் இன்னும் ஆபத்து. அதனால் பி வகைக்கு உறையை விட்டுவிட்டுக் கிருமியின் புரதங்களை வைத்து ஊசி செய்தார்கள். நிமோகாக்கஸின் 3ஆம் வகை, தன் உறையைச் செல்சுவரோடு இறுகக் கட்டாமல் தளர்வாக வைத்திருக்கிறது. எதிர்ப்பொருள் வந்து ஒட்டினால் உறைத் துண்டுகளை உதறிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறது. பாம்பு சட்டை உரிப்பது போல. இவை உறைத் தடுப்பூசியின் எல்லைகள். ஆனால் இந்த எல்லைகளும் நமக்குத் தெரியவந்தது எப்படி? ஊசி போட்ட பிறகும் எந்த வகை வருகிறது என்று எண்ணிப் பார்த்ததால்தான். கணக்கெடுப்பு, வெற்றியை மட்டுமல்ல, எங்கே வழி மாற்றவேண்டும் என்பதையும் சொல்கிறது.

இன்னொரு ஆட்சேபம் மருத்துவர்களிடமிருந்தே வரும்: நல்ல ஆன்டிபயாட்டிக் இருக்கும்போது உறையின் வகையைத் தெரிந்து என்ன செய்ய? நாற்பது வருடத்துக்கு முன் இது நியாயமான கேள்வி. இன்று கிளெப்சியெல்லா என்ற உறையணிந்த பாக்டீரியா அதற்குப் பதில் சொல்கிறது. 1986இல் தைவான் மருத்துவர்கள், வேறு நோயில்லாதவர்களின் கல்லீரலிலும் சீழ்க்கட்டி உண்டாக்கும் ஒரு கிளெப்சியெல்லாவை விவரித்தார்கள். கே1, கே2 என்ற தடித்த உறை வகைகள் அதற்கு உரியவை. தட்டில் வளர்ந்த அந்தக் கிருமிக் கூட்டத்தை வளையக் கம்பியால் தொட்டு மெல்லத் தூக்கினால் பாகுபோல நூல் நீளும். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நீண்டால் சந்தேகப்பட வேண்டும். இது ஒரு பக்கம். மறுபக்கம், மருத்துவமனைகளில் கார்பாபெனம் போன்ற கடைசிக்கட்ட மருந்துகளுக்கும் மசியாத கிளெப்சியெல்லா. இப்போது இரண்டும் ஒன்றாகின்றன. 2024இல் உலக சுகாதார நிறுவனம் கார்பாபெனத்துக்கு மசியாத வீரியக் கிளெப்சியெல்லா பற்றி எச்சரித்தபோது, அத்தகைய கிருமிகள் காணப்பட்ட நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருந்தது. டெல்லியில் மூன்று மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தில் கிடைத்த கிருமிகளில் ஆறில் ஒன்று கிளெப்சியெல்லா. கர்ப்பிணிக்கு ஊசி போட்டுக் குழந்தையைக் காக்கும் யோசனை இதனால்தான் எழுந்திருக்கிறது. அந்த யோசனையின் முன் நிற்கும் சுவரும் உறைதான்: கிளெப்சியெல்லாவின் பழைய பட்டியலிலேயே 77 உறை வகைகள். எல்லாவற்றையும் ஒரு குப்பியில் அடைக்க முடியாது. நம் குழந்தைகளைக் கொல்லும் சில வகைகளை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு அவை எவை என்று முதலில் தெரியவேண்டும்.

இந்தக் கணக்கை ஏன் அரசு எடுக்கவேண்டும், ஊசி விற்கும் நிறுவனமே எடுக்கட்டுமே என்பது கடைசி வாதம். நிறுவனத்துக்கு ஊசிகளின் எண்ணிக்கை தெரியும். ஊசி எட்டாத வகை எது என்று கண்டுபிடிப்பதில் அதற்கு இயல்பான ஆர்வம் குறைவு. நடுவில் நிற்பவர் சொன்னால்தான் அந்தக் கண்டுபிடிப்பை நம்பவும் முடியும். மென்ஆஃப்ரிவேக்கின் வரலாறும் இதையே சொல்கிறது. உற்பத்தி தனியாருடையது, பிணைப்பு நுட்பம் அமெரிக்க அரசு ஆய்வுக்கூடத்தினுடையது, நோய்க் கணக்கு ஆப்பிரிக்க நாடுகளின் சுகாதாரத் துறைகளுடையது. நம் நாட்டில் அந்த மூன்றாவது தூண்தான் மெலிந்தது. நிமோகாக்கஸ் ஒரு சுகவாசிக் கிருமி. மருத்துவமனைக்கு வருமுன்பே ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட்டால் தட்டில் முளைக்காது. முளைத்தாலும் தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும் இயல்புடையது. அதை வளர்க்க ஆட்டு ரத்தம் கலந்த அகார் கூழ் வேண்டும், கார்பன் டை ஆக்சைடு கூடிய சூழல் வேண்டும், அடுத்த நாளே தட்டைப் பார்க்கும் ஆள் வேண்டும். இவற்றில் எதுவும் பெரும் செலவு அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் அன்றாடம் நடக்கவேண்டும். திறப்பு விழா நடத்த முடியாத வேலைகள் இவை.

ஹடப்சரைப் பார்த்துப் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் ஒரு நாட்டின் தடுப்பூசித் திறனை ஆலையின் கொள்ளளவை வைத்து மட்டும் அளப்பது, அறுவடையைப் பார்த்துவிட்டு விதைநெல்லை மறப்பது. மாநிலத்துக்குச் சில மாவட்ட மருத்துவமனைகளிலாவது ரத்தத்தையும் தண்டுவட நீரையும் மருந்து கொடுக்குமுன்பே எடுத்து வளர்க்கவும், கிடைத்த கிருமியின் உறையை வகை பிரித்து முடிவை ஆண்டுதோறும் வெளியிடவும் அரசுகள் நிரந்தர நிதி ஒதுக்கவேண்டும். அடுத்த குப்பியில் எந்த உறையை அடைப்பது என்பதை ஆலை முடிவு செய்ய முடியாது. அதைச் சொல்லவேண்டியது மாவட்ட மருத்துவமனையின் அகார் தட்டு.